ஒரு வாசல், இரண்டு அடுப்பு

வாங்கம்மா, வாங்க. செருப்பை உள்ளேயே கழற்றி வையுங்க. வெளியே விட்டால் எங்கள் தெரு நாய் ஒற்றைச் செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடும். ஜோடியாகத் தூக்கினாலாவது அதற்கும் ஏதோ தேவை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த நாற்காலியில் உட்காருங்க, அதற்குத்தான் ஃபேன் காற்று வரும்.

நீங்கள் வருவீர்கள் என்று போன வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பின்தெரு முடித்துவிட்டீர்கள் என்று எதிர்வீட்டு சபாபதி சார் சொன்னார். கணக்கெடுக்க ஆள் வந்தால் பாதிப் பேர் கதவையே திறப்பதில்லையாமே? மீதிப் பேர் பாதிக் கதவைத்தான் திறக்கிறார்களாமே? என் வீட்டில் அந்தக் கவலை வேண்டாம். கேட்டதற்கு மேலேயே சொல்வேன். எந்தப் பள்ளிக்கூடம் நீங்கள்? மண்ணிவாக்கமா? கணக்கு டீச்சரா? தமிழா? பரவாயில்லை, எல்லாம் கூட்டல்தானே.

இப்போது போனிலேயே எழுதிக்கொள்கிறீர்கள். போன தடவை வந்த டீச்சர் பாய் மாதிரி ஒரு தாளை இந்தத் தரையில் விரித்தார். எங்கள் அம்மா, "ஏம்மா, சாப்பாடு போடவா?" என்று கேட்டுவிட்டார். அப்போது இந்தக் கீழ்வீட்டிலேயே என் அம்மா, நான், வீட்டுக்காரி, என் தம்பி குடும்பம், கல்யாணமாகி வீடு தேடிக்கொண்டிருந்த தங்கச்சியும் மாப்பிள்ளையும், எங்கள் பையன் இளமாறன், தம்பி பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். எழுதி எழுதி அந்த அம்மாவுக்குக் கட்டம் போதவில்லை. இளமாறன் இப்போது பூனாவில். மற்றவர்கள் ஆளுக்கொரு ஃபிளாட். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் பேர் ஏகாம்பரம். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு போல்ட்டு என் கண்ணுக்குத் தப்பி கேட்டைத் தாண்டியதில்லை. கம்பெனியில் எனக்குக் கழுகு என்று பேர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும். கழுகுக்குத் தெரியாமல் இருக்குமா?

அதனால்தான் சொல்கிறேன், இந்த இலுப்பைத்தோப்பு நகரில் எந்த வீட்டில் யார், என்ன கூரை, யார் யாரோடு பேசுவதில்லை என்று என்னைக் கேட்டுக்கொண்டால் நீங்கள் இந்த ஆடிக் காற்றில் மண்ணைத் தின்றுகொண்டு அலைய வேண்டாம். முனையில் ஒரு அபார்ட்மெண்ட் பார்த்தீர்களே, நாலு மாடி. பாதி வீடு பூட்டு. வாங்கிப் போட்டவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், இங்கே புறா குடியிருக்கிறது. புறாவை எழுதக் கட்டம் இருக்கிறதா? முதல் மாடியில் ஒரு வயசான தம்பதி. வாசலில் கேமரா. பையன் அமெரிக்காவிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அப்பா லுங்கியோடு பால் வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் போன் வந்துவிடும், "ஏம்ப்பா, பேண்ட் போட்டுக்கக் கூடாதா?" என்று. அந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுவீர்கள்? இரண்டா, மூன்றா?

அதற்கு அடுத்தது கட்டிக்கொண்டிருக்கிற கட்டடம். அங்கே தகரக் கொட்டகையில் ஒடிசாக்காரப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர். ஒரே ஒரு பெரிய குக்கர். அது விசில் அடித்தால் தெருவே மணி பார்த்துக்கொள்ளும். ஒரே அடுப்பு என்றால் ஒரே குடும்பம், இல்லையா? எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியும்.

எதிர்வீடு சபாபதி சார். ஒரே ஆள். வாசலில் பெண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி இருக்கும், பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவர் வீட்டு அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. "திருடன் வந்தா வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்கன்னு நெனைக்கட்டும் சார்" என்பார். இந்தத் தெருவில் திருட்டு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் செருப்பையும் நாய் ஒருநாள் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாளே அதே மாதிரி ஒரு ஜோடி தேடி வாங்கி வந்து, அதே இடத்தில் வைத்தார். கொஞ்சம் பயந்த சுபாவம்.

இருங்க, முதலில் மோர் சாப்பிடுங்க. இஞ்சி தட்டிப்போட்டிருக்கிறேன். என் மோர். என் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

சரி, கேளுங்கள். கூரை கான்கிரீட். தரை மொசைக். தண்ணீர் போர்வெல். குடிக்கக் கேன். கேன் நான்தான் போய்த் தூக்கிக்கொண்டு வருவேன், என் பக்கம் ஒன்று, வீட்டுக்காரி பக்கம் ஒன்று. அவள் பக்கத்துக் கேனை ஏன் நான் தூக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். இரண்டு கையிலும் கனம் சமமாக இருந்தால்தான் நடக்க வரும். அதற்காக.

வீட்டில் எத்தனை குடும்பமா? மூன்று என்று போடுங்கள்.

ஆமாம்மா, மூன்று. மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழே ஒரு குடும்பத்தில் நான். இன்னொரு குடும்பத்தில் என் வீட்டுக்காரி குமுதவல்லி. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கோர்ட்டு கேஸெல்லாம் ஒன்றுமில்லை. வாசல் ஒன்று, ஹால் ஒன்று, டிவி ஒன்று. அடுப்பு மட்டும் இரண்டு. அரசாங்கமே அடுப்பை வைத்துத்தானே எண்ணுகிறது? அவள் இப்போது மேலேதான் இருக்கிறாள். வெண்ணிலாவுக்குத் தலையில் எண்ணெய் வைக்கப் போயிருக்கிறாள். அந்த வெண்ணிலாவால்தான் எல்லாம் வந்தது.

மாடிப் போர்ஷன் தையில் காலியாயிற்று. நானே பெயிண்ட் வாங்கி, நானே தூரிகை பிடித்து, "வீடு வாடகைக்கு. குடும்பத்திற்கு மட்டும்" என்று பலகை எழுதி கேட்டில் மாட்டினேன். வந்தார்கள் நிறையப் பேர். நான் பார்த்துத்தானே விட வேண்டும்? ஒருவருக்கு நாலு பிள்ளைகள், தண்ணீர் காணாது. ஒருவருக்குப் பிள்ளையே இல்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போனால் வீடு பூட்டியே கிடக்கும். ஒரு குடும்பம் எல்லாம் சரியாக இருந்தது, நாய் வைத்திருந்தார்கள். நாய் என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை, வாலை ஆட்டியது. முன்பின் தெரியாதவனிடம் வாலாட்டுகிற நாயை வைத்திருக்கிற குடும்பத்தை எப்படி நம்புவது? வேண்டாம் என்றுவிட்டேன். பங்குனி வந்துவிட்டது. குமுதா சொன்னாள், "உங்களுக்குக் குடித்தனம் வேணாம். மாப்பிள்ளை பாக்கற மாதிரி வர்றவங்களையெல்லாம் உக்கார வெச்சு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்."

சித்திரையில் காஞ்சிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் மட்டும் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், கேட்டில் பலகை இல்லை. மாடிக் கொடியில் மூன்று சுடிதார் காய்கிறது. ஒரகடம் பக்கம் ஏதோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற மூன்று பெண்கள். ஒருத்தி கள்ளக்குறிச்சி, அவள்தான் வெண்ணிலா. ஒருத்தி சிவகங்கை, ஒருத்தி தேனிப் பக்கம். ரயிலில் சந்தித்துக்கொள்கிறவர்கள் கூட இவ்வளவு தூரத் தூர ஊர்க்காரர்களாக இருக்கமாட்டார்கள்.

"பலகையில என்ன எழுதியிருந்தேன்? குடும்பத்துக்கு மட்டும்னு எழுதலை?" என்றேன்.

"எழுதியிருந்தீங்க. அழகா இருந்துச்சு கையெழுத்து" என்றாள்.

"மூணு பொண்ணுங்க சேர்ந்தா குடும்பமா? தலைவர் யாரு?"

அதற்குள் வெண்ணிலா மாடிப்படியில் இறங்கி வந்து, "வாரத்துக்கு ஒருத்தர் அங்கிள். யாருக்கு டே ஷிப்டோ அவங்கதான் அந்த வாரம் தலைவர். காய் வாங்கறதுலேருந்து திட்டறது வரைக்கும் அவங்க பொறுப்பு" என்கிறது. இதையும் கேளுங்கள் டீச்சர், அவளை அம்மா என்கிறது, என்னை அங்கிள் என்கிறது. இது எந்த ஊர் உறவுமுறை?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குடும்பம்னா அரசாங்கத்துல ஒரு கணக்கு இருக்கு. ஒரே அடுப்புல சமைச்சு ஒண்ணா சாப்பிடணும். அதுதான் குடும்பம்" என்றேன்.

"மேல ஒரு அடுப்பு இருக்கு. மூணு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடறாங்க. அப்ப குடும்பம்தானே? உங்க பலகைக்கு எங்க குறை வந்துச்சு?" என்றாள் குமுதா.

நான் வெட்டிய பள்ளத்திலேயே என்னைத் தள்ளினாள், பார்த்தீர்களா? அந்தப் பெண் வேறு முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை, துப்பட்டாவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. ஆம்பளைக்கு ரோஷம் வராதா? "அப்ப நானும் தனியா ஒரு அடுப்பு வெச்சா தனிக் குடும்பம்" என்றேன்.

"வெச்சுக்கோங்க" என்றாள்.

அவ்வளவுதான். அழுவாள், அண்ணனுக்குப் போன் போடுவாள், குறைந்தது முறைக்கவாவது செய்வாள் என்று நினைத்தேன். உளுந்து ஊறவைத்திருந்ததைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். வெச்சுக்கோங்க! இன்னும் கொஞ்சம் சுண்டல் கேட்டவனிடம் சொல்கிற மாதிரி. சொன்ன சொல்லை அப்புறம் எப்படித் திரும்ப எடுப்பது? அன்று சாயங்காலமே தாம்பரம் போய் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தேன். பின்னால் துணி துவைக்கிற இடத்தில் ஒரு கடப்பைக்கல் மேடை இருக்கிறது. அதுதான் என் சமையல்கட்டு. "கணக்கெடுக்க வரட்டும், தனியா எழுதிக் காட்டறேன்" என்றும் சொன்னேன். "எழுதிக்கோங்க, என் ஆதார் கார்டு எங்கன்னு மட்டும் சொல்லிட்டு எழுதிக்கோங்க" என்றாள். அன்றிலிருந்து உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

என்ன, மோர் நன்றாக இருக்கிறதா? இன்னொரு தம்ளர் ஊற்றட்டுமா? கூச்சப்படாதீர்கள். நான் சொல்கிறேன் டீச்சர், சமையல் என்பது ஒன்றுமே இல்லை. பெண்கள்தான் அதைப் பெரிய வித்தை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஸ்டாக் மேனேஜ்மெண்ட். என் சாம்பார்ப் பொடி டப்பாவைப் பார்க்கிறீர்களா? சித்திரையில் அவளுடைய பெரிய டப்பாவிலிருந்து என் பங்கைப் பிரித்து இதில் கொட்டிக்கொண்டேன். தினம் சாம்பார் வைக்கிறேன். ஆடி பிறந்துவிட்டது, இன்னும் கழுத்து வரை இருக்கிறது. அவள் பக்கம் இதற்குள் இரண்டு தடவை மிளகாய் காயவைத்து மில்லுக்குப் போய் அரைத்து வந்தாயிற்று. ஏன்? சிக்கனம் தெரியாது. ஸ்பூனால் அளக்காமல் கையால் அள்ளிப் போடுகிற கை. ஆம்பளை கையில் ஒரு டப்பா பொடி வருஷம் தாண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்டுபிடித்தேன். தயிர். நீங்களும் உறை ஊற்றித்தானே தயிர் தோய்க்கிறீர்கள்? எங்கள் அம்மா காலத்திலிருந்து பார்க்கிறேன். உறை மோர் இல்லை, பக்கத்து வீட்டில் போய் ஒரு கரண்டி வாங்கி வா, வெள்ளிக்கிழமை கொடுக்கமாட்டார்கள், விளக்கு வைத்தபிறகு கொடுக்கமாட்டார்கள் என்று எவ்வளவு ஆர்ப்பாட்டம்! ஒன்றும் வேண்டாம் டீச்சர். தனியாகச் சமைக்க ஆரம்பித்த முதல் நாள் பாலைக் காய்ச்சிப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மேடைமேல் மூடி வைத்து மறந்தே போய்விட்டேன். காலையில் திறந்தால் கட்டித் தயிர்! கரண்டியால் வெட்டி எடுக்கலாம். மறுநாளும் அப்படியே வைத்துப் பார்த்தேன். தயிர். அன்றிலிருந்து தினம் தயிர். பால் தானாகவே தோயும் என்பது எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது. எத்தனை தலைமுறையாக நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்!

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் தப்பியது. வைகாசியில் குமுதா அவள் அக்காவைப் பார்க்க ஆரணி போயிருந்தாள், இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பால் திரிந்து, ஒரு மாதிரி நாற்றம். விடுவேனா? பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பால்கடைக் கண்ணாயிரத்தை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். "ஏன்யா, நேத்து வரைக்கும் தானா தோய்ஞ்ச பால் இன்னிக்கு ஏன் தோயலை? என்ன கலந்தே?" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், வீட்டுல அம்மா ஊர்ல இல்லையா?" என்று கேட்டான். பேச்சை மாற்றுகிறான்! தப்புச் செய்தவன் அப்படித்தான் பேச்சை மாற்றுவான். எவ்வளவு ஸ்டோர்ஸ் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி அவளுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு தொந்தரவு. பின்கதவுத் தாழ்ப்பாளை நான் சரியாகப் போடுவதில்லை என்று அவளுக்கு ஒரு சந்தேகம். தினம் படுக்கப் போகுமுன் பின்பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் வருவாள். "போட்டுட்டேன்டி" என்பேன். "எதுக்கும் பாத்துட்டு வரேன்" என்பாள். நம்பிக்கை இல்லை, என்ன செய்வது? நானும் பழிக்குப் பழி வாங்குவேன். பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்கமாட்டேன். தனிக் குடும்பம் ஆனபிறகு நான் ஏன் கேட்க வேண்டும்? மாத்திரை டப்பாவை எடுத்து அவள் தட்டுப் பக்கத்தில் டொக் என்று வைப்பேன். அவ்வளவுதான். பேசமாட்டேன்.

மேலே இருக்கிறவர்களிடமும் அளவோடுதான். இரண்டாம் ஷிப்டு வேன் வந்து இறங்கும்வரை வாசல் லைட் எரிகிறதா என்றால், எரிகிறது. இருட்டில் கேட்டை எங்கேயாவது இடித்து வைத்தால் பெயிண்ட் போய்விடும். கேட் என்னுடையது.

சரி, நீங்கள் எழுதுங்கள். நான் பேசினால் பேசிக்கொண்டே இருப்பேன்.

என் குடும்பம். தலைவர் ஏகாம்பரம். நபர்கள்? ஒன்று. ஆமாம், ஒன்றுதான்.

ஒன்று என்று கேட்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது, இல்லையா? பரவாயில்லை. சபாபதி சார் வீட்டிலும் ஒன்றுதான் எழுதுவீர்கள். எதிரெதிர் வீடு, பொருத்தமாக இருக்கும்.

அடுத்தது என்ன? குடும்பத்தில் எத்தனை தம்பதிகளா? அட, இந்தக் கேள்வி இன்னும் இருக்கிறதா! போன தடவை அந்த டீச்சர் கேட்டபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "மூணு" என்றேன். நானும் குமுதாவும், தம்பியும் அவன் மனைவியும், தங்கச்சியும் மாப்பிள்ளையும். குமுதா கதவு ஓரத்தில் நின்றுகொண்டு, "அதுல ஒரு ஜோடி பேசிக்கிறதில்லை, அதையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டாள். தம்பியும் அவன் மனைவியும் அன்றைக்குச் சண்டை. டீச்சர் சிரித்துவிட்டு, "ஒரே சோறு சாப்பிட்டா சேத்துக்கலாம்" என்றார். அந்தச் சண்டை அன்றைக்கே தீர்ந்துபோனது.

எழுதுங்கள். தம்பதி... என்ன போட்டீர்கள்? சைபரா?

ஏன் சைபர்?

ஓ. ஒரே ஆள் இருக்கிற குடும்பத்தில் தம்பதி எப்படி வரும் என்கிறீர்கள். நியாயம்தான். அப்போது அவள் குடும்பத்தில்? அங்கேயும் சைபரா? அங்கேயும் ஒரே ஆள். ஆமாம். கணக்கு சரிதான்.

அப்போது நாங்கள் எங்கே போனோம் டீச்சர்? இந்தப் பக்கமும் சைபர், அந்தப் பக்கமும் சைபர் என்றால், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரத்துக்கடியில் தாலி கட்டினேன். மணவறையில் அவள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். நான்தான் முழங்கையால் இடித்தேன். அதெல்லாம் எந்தக் கட்டத்தில் வரும்? நடுவில் எங்கேயாவது, சுவர்மேல் எழுதுகிற மாதிரி, ஒன்று என்று போட இடம் இல்லையா? போன் ஒத்துக்கொள்ளாதா? சரி. போன் சொன்னால் சரி.

இல்லை, ஒன்றுமில்லை. மோர் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். சொம்பு உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? உறையா? அதுதான் சொன்னேனே, ஒன்றும் ஊற்றுவதில்லை. தானாகத் தோய்கிறது. இல்லை, உறைக்குப் பதிலாக மோர் மிளகாயும் போடுவதில்லை. புளியும் போடுவதில்லை. பாத்திரம் தினம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறேன். ஏன், தமிழ் டீச்சருக்குப் பாலைப் பற்றி என்ன இவ்வளவு ஆராய்ச்சி?

எந்த இரண்டு நாள்? வைகாசியிலா? அதுதான் சொன்னேனே, அவள் ஆரணி போயிருந்த...

ம்.

அவள் ஆரணி போயிருந்த இரண்டு நாள்தான் தோயவில்லை.

இருங்க. கொஞ்சம் இருங்க. ஃபேனைக் குறைக்கட்டுமா? காற்று அதிகமாக வருகிறது.

டீச்சர், நான் முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் பூட்டினவன். இரட்டைப் பூட்டு. பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். ஒரு பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட எனக்குத் தெரியாதா? ஒருநாளாவது சரியாகப் போடாமல் இருந்திருப்பேனா?

அந்தப் பொடி டப்பாவை இப்படிக் கொடுங்கள். பாருங்கள், போன வாரம் இதே டப்பாவில் பொடி கொஞ்சம் கறுப்பாக இருந்தது. இப்போது சிவப்பாக இருக்கிறது. நான்தான் வெயிலில் நிறம் மாறுகிறது என்று... கழுகாம், கழுகு! குருட்டுக் கழுகு. அந்தக் கண்ணாயிரத்தை வேறு நடுத்தெருவில் நிறுத்தி, "என்ன கலந்தே" என்று... அவன் கடைப்பக்கம் இனி எந்த முகத்தோடு போவேன்? வேறு கடைக்கும் போக முடியாது, இந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான்.

சிரிங்கம்மா, நன்றாகச் சிரிங்க. எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் சத்தமாக வேண்டாம். மேலே கேட்கும்.

எழுதினதை அழிக்க முடியுமா? முடியுமா? அப்படியானால் அழியுங்கள். சைபரை முதலில் அழியுங்கள். கீழே ஒரே குடும்பம். அடுப்பு எத்தனை இருந்தால் என்ன, ஒரே உறைதானே? மேலே அந்த மூன்று பெண்களும் ஒரு குடும்பம். ஆமாம், குடும்பம்தான். நான்தான் சொல்கிறேனே. தலைவர் யார் என்று அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள், இந்த வாரம் சிவகங்கைக்காரி என்று நினைக்கிறேன். நேற்று அவள்தான் கீரைக்காரியிடம் சண்டை போட்டாள்.

கீழ்வீட்டுத் தலைவரா? குமுதவல்லி என்று போடுங்கள். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. ஸ்டாக் யார் கையில் இருக்கிறதோ அவர்தானே பொறுப்பாளர்? தலைவருக்கு உறவு, கணவர். நபர்கள் இரண்டு. தம்பதி ஒன்று. ஒன்றை நன்றாக அழுத்திப் போடுங்கள். போனில் அழுத்தம் தெரியாதா? பரவாயில்லை, நீங்கள் அழுத்துங்கள்.

படியில் செருப்புச் சத்தம். வருகிறாள். டீச்சர், ஒரே ஒரு உதவி. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் நாளைக்கு இண்டக்‌ஷன் அடுப்பைப் பரண்மேல் ஏற்றிவிடுவாள். அப்புறம் தோற்றுப்போனவன் நான்தான் என்று பூனா வரைக்கும் செய்தி போகும். அதுவும் போகட்டும். தினம் அந்த நேரத்துக்கு ஒரு நடை பின்பக்கம் வருகிறாள் பாருங்கள், அதை எதற்கு நிறுத்துவது?

வா, குமுதா. கணக்கெடுக்கிற டீச்சர். ஆமாம், ஆரம்பித்து முடித்தே ஆயிற்று. என்ன, தனியாக எழுதிக்கொண்டாயிற்றா என்கிறாயா? எழுதியாயிற்று, எழுதியாயிற்று. சொன்ன சொல் மாறுகிற ஆளா நான்? உன் ஆதார் கார்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது, நீதான் வைத்தாய். மோரா? நான்தான் கொடுத்தேன். டீச்சருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டு தம்ளர் ஆயிற்று. என்ன சொல்கிறாய்? "ஆமாங்க டீச்சர், இவரு கைராசி, பால் தானாவே தோயுது" என்கிறாயா?

கேட்டீர்களா டீச்சர்? முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறதா பாருங்கள். ஒரு கோடு அசையவில்லை. இவளை ஸ்டோர்ஸில் போட்டிருந்தால் பஸ்ஸையே மடித்து எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

வாங்க, கேட் வரைக்கும் வருகிறேன். மேலே போவதற்கு முன் எதிர்வீட்டை முடித்துவிடுங்கள். இந்த நேரத்தில் சபாபதி சார் சும்மாதான் இருப்பார். அங்கே கொஞ்சம் நேரம் உட்காருங்கள். மோர் கொடுத்தால் புளித்திருக்கும், முகம் சுளிக்காமல் குடித்துவிடுங்கள். தம்பதி எத்தனை என்ற கேள்வியை அவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டாம். வாசலில் இருக்கிற செருப்பைப் பார்த்து நீங்களே எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். போன் ஒத்துக்கொள்ளாதா? ஒத்துக்கொள்ளாது, ஆமாம். அப்படியானால் மெதுவாகவாவது கேளுங்கள்.

நான் உள்ளே போகிறேன். இன்றைக்கும் வழக்கம்போலப் பாலைக் காய்ச்சுவேன், மேடைமேல் மூடி வைப்பேன். பின்கதவுத் தாழ்ப்பாளைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் அரைகுறையாகப் போடலாம் என்றிருக்கிறேன். பாவம், தினம் ஒன்றுமில்லாததற்கு எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.